மண்ணெண்ணெய் என்று நான் சொன்னது

இன்று காலை ஒரு கார்புரேட்டரைக் கழற்றும்போது உள்ளங்கையில் கொஞ்சம் பெட்ரோல் சிந்தியது. துடைக்கவில்லை. ஜில்லென்று ஏறி, கண்ணெதிரிலேயே காய்ந்து, வாசனை மட்டும் மிஞ்சியது. நல்ல பெட்ரோல் அப்படித்தான் போகும், கையில் பிசுக்கு வைக்காது. உனக்கா இதைச் சொல்ல வேண்டும்! எத்தனை தடவை நீயும் நானும் கையில் ஊற்றி மோந்து பார்த்திருப்போம். ஆனால் இன்றைக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்தேன், எடுத்தேன், மறுபடியும் வைத்தேன். "அண்ணாச்சிக்கு இன்னைக்கு என்னமோ ஆயிட்டு" என்று பட்டறை ஆள் ஒருவன் முணுமுணுத்தது காதில் விழுந்தது. போய்க் காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று எல்லோரையும் விரட்டிவிட்டு இந்த நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதி என்ன ஆகப் போகிறது? நீ படிக்கப் போவதில்லை. நீ இருந்தபோது ஒரு வரி எழுத எனக்குக் கை வரவில்லை, இப்போது பக்கம் பக்கமாக வருகிறது. இந்த அழகில் எனக்குப் பெயர் தென்காசியிலேயே கைராசிக்கார மெக்கானிக்!

நீ டிரைவர், நான் மெக்கானிக், நமக்குள் சண்டை இல்லாத நாள் உண்டா? வண்டி நின்றால் போதும், நான் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிடுவேன். நீ மட்கார்டில் சாய்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளிக்கொண்டிருப்பாய். "ஏலே, என்னத்துக்குப் பறக்க? வண்டி நின்னா மொதல்ல நீ நில்லு" என்பாய். "நீ நின்னுக்கிட்டே இரு, பாசஞ்சர் குத்தாலத்துக்கு நடந்தே போயிருவான்" என்பேன் நான். எனக்கு இருபது நிமிஷத்தில் முடியும் வேலை உனக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் நீ முடித்த வேலை திரும்பி வராது. என்னுடையது சில சமயம் வரும். அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு நாளாவது இருந்திருக்கிறாயா?

உன் முதலாளியின் அந்தப் பழைய டூரர் கார் இருக்கிறதே, அதன் பெட்ரோல் டாங்கி முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கினால்தான் மூடி தெரியும். டாங்கி மேலே, எஞ்சின் கீழே, நடுவில் ஒரு குழாய். பம்பு கிம்பு ஒன்றும் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி கார்புரேட்டருக்கு வர வேண்டும். ஒரு சாரல் காலத்தில் ஐந்தருவிக்கு ஏறும்போது டாங்கியில் பெட்ரோல் குறைந்து, மேட்டில் மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி திணறியது ஞாபகம் இருக்கிறதா? முதலாளி வீட்டு விருந்தாளிகள், பட்டணத்துப் பெண்கள் நாலு பேர் உள்ளே. நான் கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சும் ஜெட்டைக் கழற்ற ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டேன். நீ என் கையைத் தட்டிவிட்டு, வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே மேடேற்றினாய். "இதென்னப்பா, அருவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் போறோம்?" என்று ஒரு அம்மாள் கத்தினாள். "பெட்ரோலும் தண்ணி மாதிரிதாம்மா, பள்ளத்துக்குத்தான் வரும். நாமதான் பள்ளத்தை அதுக்குக் காட்டணும்" என்றாய். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு அன்றைக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். கால் ஓர் இடத்தில் தரிக்க மாட்டேன் என்கிறது. சரி, வரிசையாகச் சொல்கிறேன். தெரிந்ததையே சொல்கிறானே என்று நினைக்காதே. உனக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்ட காலம். பாதி வண்டிகள் ஷெட்டில் ஏறிவிட்டன. ஓடிய வண்டிகளில் பாதி பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு புகைந்தன. பெட்ரோலை எடுத்து விற்றுவிட்டு அந்த அளவுக்கு மண்ணெண்ணெயை ஊற்றி வைக்கிறான் டிரைவர் என்பதுதான் எல்லா முதலாளிமாருக்கும் அப்போது பயம். சிலர் செய்யவும் செய்தார்கள். நீ செய்யமாட்டாய் என்பது உன் முதலாளியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவன் டாங்கியிலிருந்து ஒழுகுகிற பெட்ரோலைப் பார்த்தாலே உனக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு வண்டியை நம் பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாய். கழுவித் துடைத்து, ரேடியேட்டருக்குச் செவ்வந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்தோம். மறுநாள் விஜயதசமி. முதலாளி மகளுக்குப் பாளையங்கோட்டையில் நிச்சயதார்த்தம். முதலாளி குடும்பமும் சீர்த் தட்டுகளும் அந்த வண்டியில்தான் போக வேண்டும், அதனால் அன்றைக்குப் பூசையில் நான் ஒரு படி கூடவே சிரத்தை காட்டினேன். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தேன். விளக்கு, ஹாரன், ஸ்டியரிங், பிரேக். கடைசியில் முன் சீட்டு மெத்தையைத் தூக்கி, டாங்கி மூடியின் நடுவிலும் கட்டை விரலால் அழுத்தி அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். "எதையும் விட்டுவைக்க மாட்டியோ?" என்று நீ கேலி செய்தாய். "இதுவும் ஆயுதம்தானடே" என்றேன். பூசைச் சந்தனத்தை யாரும் துடைக்க மாட்டோம், தானாகக் காய்ந்து உதிர வேண்டும் என்பது நமக்குள் சாத்திரம்.

மறுநாள் பாவூர்சத்திரம் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இதெல்லாம் நீ எனக்குப் பிற்பாடு சொன்னது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தாய், இருந்தது. மூடினாய், முன்னால் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைச் சுற்றினாய், வண்டி ஓடியது. சில மைல் போனதும் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டரில் குழாயைக் கழற்றினாய். பெட்ரோல் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுபோனது. குழாயில் வாய் வைத்து ஊதினாய். டாங்கிக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டு, பெட்ரோல் நன்றாக விழுந்தது. அடைத்திருந்த தூசி போய்விட்டது என்று நினைத்தாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆலங்குளம் போவதற்குள் மூன்று தடவை நின்றது, தாண்டி இரண்டு தடவை. பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தப்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் சகுனம் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்றார்களாம். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை என்பது உனக்கே தெரியும்.

அடுத்த நாள் முதலாளி உன்னை வண்டி ஓட்டச் சொல்லிப் பட்டறைக்கே வந்துவிட்டார். மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆய்க்குடிப் பக்கம் அத்தனை வயலும் குற்றாலத்தில் பங்களாவும் வைத்திருக்கிறவர், சம்பந்தி வீட்டு வாசலில் தலை குனிந்து நின்றுவிட்டு வந்திருக்கிறார். "வே, இது என்ன கேடுன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். தெரியாம நான் எந்திரிக்க மாட்டேன்" என்று என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு உள்ளுக்குள் உற்சாகம்தான். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கிறது, என் கைவரிசையைக் காட்டலாம்!

கார்புரேட்டரில் பெட்ரோல் வந்து நிற்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினேன். பெட்ரோலில் துளி தண்ணீர் இல்லை. மிதவை ஓட்டை விழுந்து மூழ்குகிறதா என்று காதோரம் ஆட்டிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மிதவை ஊசியைத் தேய்த்தேன், ஜெட்டை ஊதினேன், குழாயைக் கழற்றி ஊதினேன். வண்டி பட்டறையில் நின்றபடி கால் மணி நேரம் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. "முடிஞ்சிட்டு மொதலாளி" என்றேன். அவரையும் ஏற்றிக்கொண்டு ஆய்க்குடி சாலையில் ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சத் தூரம்தான், இருமி நின்றது. திரும்பி வந்து மறுபடியும் முழுக்கக் கழற்றினேன். மறுபடியும் ஓட்டினோம், நின்றது. மூன்றாவது தடவை நான் ஹாண்டிலை வீசி எறிந்தபோது, "ஏலே, கொஞ்சம் நில்லு. நின்னு யோசிப்போம். நாம எதையோ பாக்காம விட்டுட்டோம்" என்றாய்.

அந்தச் சொல்தான் எனக்கு ஏறிவிட்டது. இத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்து, எதையோ விட்டுவிட்டேனாமே! முதலாளி மெதுவாக எழுந்து, "என்னவே, ஒமக்கும் தெரியலையா? அப்ப திருநவேலிக்கே கொண்டுபோயிரலாமா?" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் வாயிலிருந்து வந்தது: "கார்புரேட்டர்ல ஒண்ணும் இல்ல மொதலாளி. பெட்ரோல்லதான் கோளாறு. மண்ணெண்ணெய் கலந்திருக்கு."

சொல்லும்போதே எனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் கலந்தால் வண்டி ஸ்டார்ட் எடுக்க அடம் பிடிக்கும், புகை கக்கும், முக்கும். இந்த வண்டி ஒரு சுற்றில் ஸ்டார்ட் ஆகி, புகையில்லாமல் ஓடி, பிறகு நிற்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தெரிந்துதான் சொன்னேன். ஒரு நிமிஷம் தப்பித்தால் போதும் என்று இருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

முதலாளி உன் பக்கம் திரும்பினார். நீ ஒன்றும் கத்தவில்லை. நேராக மிதவைக் கிண்ணத்திலிருந்த பெட்ரோலை உன் உள்ளங்கையில் ஊற்றி என் முன்னால் நீட்டினாய். "மோந்து பாருலே. பாத்துட்டு ஒனக்குத் தெரிஞ்சதச் சொல்லு. நீ சொன்னாச் சரி" என்றாய். எனக்கு முன்னால் உன் கை. பெட்ரோல் காய்ந்து மறைந்துகொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதான் சொல்லிட்டேன்லா" என்றேன். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். உன் கை தானாகக் கீழே இறங்கியது.

இந்த இடத்தில் அரை மணி நேரம் எழுதாமல் விட்டுவிட்டேன். பட்டறை ஆட்கள் திரும்பி வந்தார்கள், அவர்களை எதற்கென்றே தெரியாமல் ஏசினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீ சொல்வாயே, வயதானால் தணியும் என்றுதான் நினைத்தேன். தணியவில்லை.

அன்றைக்கே முதலாளி உன்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் உனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. நம் ஊருக்கு இதில் மட்டும் சோம்பலே கிடையாது. 'மண்ணெண்ணெய் டிரைவர்'. செங்கோட்டை வரைக்கும் போய் வேலை கேட்டாயாம், உனக்கு முன்னால் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் பட்டாளத்தில் டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தாய். ரயிலேறும் முன் பட்டறை வாசலில் வந்து நின்றாய். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். உன் செருப்பு தெரிந்தது. "போய்ட்டு வாரேம்லே" என்றாய். நான் வெளியே வரவில்லை. "ம்" என்றேன். உன்னிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

நீ போன பத்து நாளில் முதலாளி வண்டி மறுபடியும் வந்தது. புது டிரைவர், அதே கோளாறு. முதலாளி வரவில்லை. புது ஆள் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மெத்தையைத் தூக்கி மூடியைத் திருகினான். நான் பக்கத்தில் இருந்தேன். 'உஸ்' என்று ஒரு சத்தம், டாங்கி மூச்சை இழுத்த மாதிரி. மூடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. என் கட்டை விரல் ரேகைகூட அதில் அப்படியே இருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் டாங்கிக்குள் காற்றுப் போக வேண்டும். காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தபோதும், குழாயில் நாம் ஊதியபோதும் காற்று உள்ளே போயிருக்கிறது, அதனால் கொஞ்சத் தூரம் ஓடியிருக்கிறது. வாயை இறுக மூடிய குடத்தில் அடியில் ஒரு துளை போட்டால் தண்ணீர் வராது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. சந்தனத்தைச் சாமியாகப் பார்த்த கண்ணுக்கு அது அடைப்பாகத் தெரியவில்லை.

ஊசியால் சுரண்டி எடுத்தேன். வண்டி அதற்கப்புறம் நிற்கவே இல்லை. அடுத்த மாதம் முதலாளி கடைத்தெருவில் நாலு பேர் முன்னிலையில் என் தோளைத் தட்டினார். "ஓய், நீரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்தப் பய போனான், வண்டி ஜம்முனு ஓடுது!" காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. தப்பு என்னுடையது மொதலாளி. நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்து உன் கார்டு வந்தது. ஊர்ப் பெயர் இல்லாத பட்டாளத்துக் கார்டு, பென்சில் எழுத்து. அது எனக்கு மனப்பாடம். 'இங்கே லாரிப் பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கதி சொல்லிக் கொடுத்தார்கள். டாங்கி மூடியில் காற்று போக ஓட்டை உண்டாம். நம் பூசைச் சந்தனம் அதை அடைத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நாம் அதைப் பார்க்கவில்லை. நீ பார்த்துவிட்டு முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வேலைக்காக இல்லை. வீட்டில் அவள் தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில் பேசுகிறார்களாம்.' இவ்வளவுதான். நாம் பார்க்கவில்லை என்று என் தப்பில் பாதியை நீயாக எடுத்துக்கொண்டு எழுதியிருந்தாய். புதிர் அவிழ்ந்த சந்தோஷம் அந்தப் பென்சில் எழுத்தில் தெரிந்தது. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது உனக்குத் தெரியாது.

நாளைக்குப் போவோம் என்று கார்டைப் பெட்டியில் வைத்தேன். நாளைக்கு அறுவடை, முதலாளி வயலுக்குப் போயிருப்பார். அதற்கு மறுநாள் வேலை நெருக்கடி. அப்புறம் மழை. மனிதனுக்குச் சாக்கா கிடைக்காது? சாரல் வந்தது, போனது. வடகிழக்கே ஏதோ மலைப் பாதையில் லாரி உருண்டு நீ போய்விட்டாய் என்ற தந்தி வந்தது. உன் வீட்டுக்குத் தெருவே ஓடியது, நானும் ஓடினேன். கூட்டத்துக்குள் ஒருவன், "பாவம்டே, மண்ணெண்ணெய் டிரைவர்" என்றான். இரக்கத்தோடுதான் சொன்னான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு தனியாகப் போனேன். உன் வீட்டுக்காரி முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கார்டை அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், ஓட்டை, மண்ணெண்ணெய், முதலாளி தட்டிய தோள், எல்லாம். அவள் கார்டைப் படிக்கவே இல்லை. உள்ளே போய் இன்னொரு கார்டைக் கொண்டுவந்தாள். அதே பென்சில் எழுத்து.

"எனக்கும் எழுதியிருந்தாவ, அண்ணாச்சி. 'அவனுக்குக் கார்டு போட்டிருக்கேன், அவன் போய் மொதலாளிட்டச் சொல்லிருவான், நீ இனி தல நிமுந்து தண்ணிக்குப் போ'ன்னு. எனக்கு வந்த அன்னைக்கே ஒங்களுக்கும் வந்திருக்கும்லா? நீங்க இந்தத் தெரு வழியா வாறப்பல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சு பாத்தேன். எத்தன நாளு தெரியுமா?"

அவள் அழவில்லை. ஏசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே கேட்டாள். நான் அந்த முற்றத்தில் நின்றே அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்றைக்கே குற்றாலத்துக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். அவர் முழுக்கக் கேட்டார். "சந்தனமா? விடும்வே. செத்தவனை இனி எதுக்குக் கெளறணும்?" என்றார். அவர் மகள் நிச்சயம் முறிந்ததற்குத் தன் வண்டிக்குப் போட்ட பூசையே காரணம் என்று ஏற்க அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. கடைத்தெருவில் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், மற்ற டிரைவர்களைக் கூப்பிட்டு வைத்து ஒரு டாங்கி மூடியையே கையில் எடுத்துக் காட்டிச் சொன்னேன். தலையை ஆட்டுவார்கள். நான் அந்தப்பக்கம் போனதும், "மண்ணெண்ணெய் டிரைவர் கதைதான் சொல்லுதாரு" என்பார்கள். பெயர் போகவில்லை. எஞ்சினில் பிடித்த கரியைச் சுரண்டி எடுத்துவிடலாம். இதற்கு எந்தக் கருவியும் இல்லை.

இப்போது உனக்குத் தெரியாத செய்தி. யுத்தம் முடிந்து பல வருஷம் ஆயிற்று. உன் மூத்தவள் செண்பகத்துக்குக் கீழப்பாவூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். பையனுடைய பெரியப்பா விசாரிக்க என் பட்டறைக்கே வந்துவிட்டார். வெள்ளை மீசை, நிதானமான பேச்சு. "பொண்ணோட அப்பனுக்கு நீரு சிநேகிதராம்லா? எல்லாம் புடிச்சிருக்கு. ஆனா அவரு பெட்ரோலை எடுத்துட்டு மண்ணெண்ணெய் ஊத்தின ஆளுன்னு சொல்லுதாவ. அதான் ஒரு வார்த்தை" என்றார்.

அவரை உட்கார வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். இந்த மடலில் எழுதியதைவிடக் கேவலமாகவே என்னைச் சொன்னேன். உன் கையை நான் மோந்து பார்க்காததைச் சொன்னேன், கார்டு பெட்டியில் கிடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கியது. ஒருவழியாக ஒரு மனிதன் நம்பிவிட்டான் என்று எனக்கு நெஞ்சு இலேசானது. அவர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"செத்துப்போன சிநேகிதன் பேரைக் காப்பாத்த, இம்புட்டுப் பழியையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிட எவனுக்குவே மனசு வரும்? ஒம்மள மாதிரி ஒருத்தன் கெடைக்க அவன் குடுத்து வச்சவன். நீரு ஒருத்தர் போதும், பொண்ணை முடிச்சிருவோம்."

"பொய் இல்லவே! நெசமாத்தான் சொல்லுதேன்!" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே என் முதுகைத் தடவிவிட்டுப் போய்விட்டார். நான் பொய் சொன்னபோதும் முதுகில் தட்டினார்கள், உண்மை சொன்னபோதும் தடவிக் கொடுத்தார்கள். எங்கே போய் முட்டிக்கொள்ள?

அப்புறம் உன் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டில் என்னைத்தான் பெண்ணின் தகப்பன் இடத்தில் நிற்கச் சொல்கிறார்களாம். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். "நான் நிக்கக் கூடாதும்மா. ஒனக்குத் தெரியாதா?" என்றேன். "தெரியும். அதான் நிக்கச் சொல்லுதேன், அண்ணாச்சி" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை கல்யாணம். காசி விசுவநாதர் கோயில் பக்கத்து மண்டபம், கூட்டம் நெரிந்தது. கீழப்பாவூர்க்காரர் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து, "இவருதான் அந்தச் சிநேகிதர்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கும்பிட்டார்கள். நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். தாலி கட்டி முடிந்து மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்து வந்தார்கள். உன் மகள் என் முன்னால் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அவள் அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. காலைப் பின்னுக்கு இழுத்தேன். தோள் தானாகக் குறுகி, அவள் முன்னால் நான்தான் வளைந்து நின்றேன். செண்பகம் குனிந்து என் காலைத் தொட்டாள். எழுந்திருக்கும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கப்பா எடத்துல நிக்கிய, மாமா. நேரா நில்லுங்க."

உன் குரல்தான். அதே நிதானம். அன்றிலிருந்து எங்கே நின்றாலும், பட்டறையிலும் தெருவிலும், நிமிரப் பார்க்கிறேன். இன்னும் முடியவில்லை.